வளைகுடா ரூபாய் (1959–1970): இந்தியாவுக்குள் செல்லாத இந்திய நோட்டு

1959 மே மாதம் முதல் பாரசீக வளைகுடாவின் கடைத்தெருக்களில் புழங்கத் தொடங்கிய பத்து ரூபாய் நோட்டை ஓர் இந்தியர் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் சற்றுக் குழம்பித்தான் போயிருப்பார். அசோகத் தூணின் சிங்கங்கள் இருக்கின்றன; இந்திய ரிசர்வ் வங்கியின் பெயர் இருக்கிறது; ஆளுநர் எச்.வி.ஆர். அய்யங்காரின் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் ஊரில் கத்தரிப்பூ நிறத்தில் பார்த்துப் பழகிய நோட்டு இங்கே சிவப்பாக இருக்கிறது. வரிசை எண்ணுக்கு முன்னால் ‘இசட்’ என்ற எழுத்து நிற்கிறது. பணம் தரும் இடமாகப் பம்பாய் அலுவலகம் மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. விந்தை என்னவென்றால், அந்தப் பம்பாயிலேயே ஒரு தேநீர்க் கடையில் இந்த நோட்டை நீட்டினால் கடைக்காரர் அதை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியா அச்சிட்டு, இந்தியா பொறுப்பேற்று, இந்தியாவுக்குள் செல்லாத நோட்டு அது.

சேகரிப்பாளர்கள் இதை ‘வளைகுடா ரூபாய்’ என்பார்கள். ஒரு நாடு தன் பணத்தைத் தானே இரண்டாகப் பிரித்து, ஒன்றை வீட்டுக்கும் மற்றொன்றை வெளிக்கும் என்று ஒதுக்கிய இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது, எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது. என் கணிப்பை முன்னதாகவே சொல்லிவிடலாம்: ஓர் ஓட்டையை அடைப்பதற்காக மிகத் திறமையாகச் செய்யப்பட்ட வேலை இது. அந்தத் திறமையே, ரூபாயை விட்டு விலகும் வழியை வளைகுடா நாடுகளுக்குத் திறந்துகொடுத்தது.

ரூபாய் அங்கே போன வழி

குவைத், பஹ்ரைன், கத்தார், இன்று ஐக்கிய அரபு அமீரகமாக உள்ள அமைதி உடன்படிக்கை நாடுகள், மஸ்கட் ஆகியவற்றில் ரூபாய் புழங்கியதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் காரணம் அன்று. வணிகமும் பிரிட்டிஷ் ஆட்சியும் சேர்ந்து அதைக் கொண்டுபோயின. வளைகுடாவில் பிரிட்டனின் அரசியல் பிரதிநிதிகள் 1947 வரை இந்திய அரசுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள். 1864இல் மஸ்கட்டிலும் 1884இல் பஹ்ரைனிலும் 1909இல் துபாயிலும் இந்திய அஞ்சலகங்கள் திறக்கப்பட்டன. அங்கு கடிதம் போட வேண்டுமானால் இந்திய அஞ்சல்தலைதான் ஒட்ட வேண்டும். வளைகுடாவில் மூழ்கி எடுக்கப்பட்ட முத்து பம்பாயில்தான் விலைபோனது. அங்கிருந்து அரிசியும் துணியும் மரமும் திரும்பி வந்தன. முத்தை விற்றவருக்கு ரூபாய் கிடைத்தது, அரிசி வாங்கவும் ரூபாய்தான் தேவைப்பட்டது. இடையில் வேறொரு நாணயத்துக்கு வேலையே இல்லை.

1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து வளைகுடாவின் முத்துத் தொழிலைச் சாய்த்த பிறகும் ரூபாய் போகவில்லை. 1932இல் பஹ்ரைனிலும் 1938இல் குவைத்திலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் வருவாய் ஸ்டெர்லிங் பவுண்டில் வரத் தொடங்கிய காலத்திலும் கூலியும் கடைக்கணக்கும் ரூபாயிலேயே நடந்தன. இதில் பெரிய இடைஞ்சலும் இல்லை. ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 13⅓ ரூபாய், என்ற விகிதம் 1927 முதல் மாறாமல் இருந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது ரூபாயும் கூடவே இறங்கியதால் அந்த விகிதம் அப்படியே தப்பியது. வளைகுடா வணிகரின் கண்ணில் ரூபாய் என்பது சில்லறையாக்கப்பட்ட பவுண்டு, அவ்வளவே. அவர் கையில் இருந்த நோட்டின் பின்புறத்தில் மதிப்பு தமிழிலும் எழுதப்பட்டிருந்தது என்பதை நம்மவர் நினைத்துப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டில் இந்தியாவுக்கு ஒரு மறைமுக லாபமும் இருந்தது. அயலார் ஒருவர் நம் நோட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும் வரை, அவர் நமக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார் என்றே பொருள். நோட்டு திரும்பி வரும்போதுதான் கடனைக் கட்ட வேண்டும். 1950களின் நடுவில் நோட்டுகள் திரும்பி வரத் தொடங்கின, அதுவும் மூட்டை மூட்டையாக.

ஒரு தங்க பிஸ்கட்டின் கணக்கு

சிக்கலின் வேர் தங்கத்தில் இருந்தது. அனுமதியின்றித் தங்கம் இறக்குமதி செய்ய 1947 முதல் இந்தியாவில் தடை. உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 35 டாலர். ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்ற அன்றைய விகிதத்தில் கணக்கிட்டால் ஒரு தோலா (ஏறத்தாழ 11.66 கிராம்) 62 ரூபாய் 50 காசு. 1956இல் ரிசர்வ் வங்கி தன் கையிருப்புத் தங்கத்தை மதிப்பிட்டதும் இதே விலையில்தான். ஆனால் 1950களின் பிற்பகுதியில் பம்பாய்ச் சந்தையில் ஒரு தோலா 100 ரூபாயைத் தாண்டி விற்றது. பெண்ணுக்கு நகை போடாமல் கல்யாணம் நடக்காத நாட்டில் வாங்குவோருக்குக் குறைவில்லை. சட்டப்படி வரும் தங்கமோ இல்லை.

துபாயில் தங்கம் இறக்குவது குற்றமன்று. 1954 மார்ச்சில் லண்டன் தங்கச் சந்தை மீண்டும் திறந்த பிறகு சரக்குக்கும் பஞ்சம் இல்லை. பத்துத் தோலா எடையுள்ள கட்டி, அதாவது ஏறத்தாழ 116.6 கிராம், கடத்தல்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. உள்ளங்கையில் அடங்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும், பைகள் வரிசையாகத் தைத்த துணிச்சட்டைக்குள் அடுக்கி உடம்போடு கட்டிக்கொள்ளலாம். ‘தங்க பிஸ்கட்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதிவந்தது இதைத்தான். பாய்மரப் படகில் ஏறி அரபிக்கடலைத் தாண்டி இது கொங்கணக் கரைக்கோ குஜராத் கரைக்கோ வந்து சேரும். 625 ரூபாய்க்கு வாங்கிய கட்டி 1,000 ரூபாய்க்கு மேல் விலைபோகும்.

இதுவரை நடந்தது வெறும் கள்ளக்கடத்தல், சுங்கத்துறையின் கவலை. ரிசர்வ் வங்கியின் கவலை அடுத்த கட்டத்தில்தான் தொடங்கியது. விற்ற பணம் ரூபாய் நோட்டாக இருந்தது, அந்த நோட்டு வளைகுடாவிலும் செல்லும். ஆகவே கடத்தல்காரர் அதை அந்நியச் செலாவணியாக மாற்ற எந்த அதிகாரியிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. தங்கம் வந்த படகிலேயே நோட்டுக்கட்டுகளை ஏற்றி அனுப்பினால் போதும். துபாயிலோ குவைத்திலோ அவை கைமாறி வங்கிக்குள் நுழைந்ததும், எது அரிசி விற்ற பணம், எது தங்கம் விற்ற பணம் என்று யாராலும் பிரித்தறிய முடியாது. அந்த வங்கிகள் தங்கள் தேவைக்கு மிஞ்சிய நோட்டுகளைப் பம்பாய்க்கு அனுப்பி, சட்டப்படி ஸ்டெர்லிங் கேட்டன. ரிசர்வ் வங்கி கொடுத்தது. அந்த ஸ்டெர்லிங்கில் அடுத்த தங்கம் வாங்கப்பட்டது. சுருங்கச் சொன்னால், இந்தியாவுக்குள் கடத்தப்பட்ட தங்கத்துக்கான விலையை இந்தியாவின் மத்திய வங்கியே தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது.

அன்றைய பத்து ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருந்த படம் ஒரு பாய்மரப் படகு. வேண்டுமென்று யாரும் வைக்கவில்லை.

காலமும் மோசமாக வாய்த்தது. 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான இயந்திர இறக்குமதியால் போர்க்காலத்தில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் கையிருப்பு வேகமாகக் கரைந்தது. நோட்டு வெளியீட்டுக்கு ஈடாக 400 கோடி ரூபாய்க்கு அந்நியப் பத்திரங்களும் 115 கோடி ரூபாய்க்குத் தங்கமும் இருக்க வேண்டும் என்று 1956இல் வைத்த விதியை ஓராண்டுகூடக் காப்பாற்ற முடியவில்லை. 1957இல் அதைத் தளர்த்தி, தங்கமும் அந்நியப் பத்திரங்களும் சேர்ந்தே 200 கோடி போதும் என்று மாற்றினார்கள். 1958 ஆகஸ்டில் உதவி கேட்டு வெளிநாடுகளின் கூட்டமைப்பை நாட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பவுண்டையும் எண்ணிச் செலவிட்ட அரசுக்கு, படகில் போகும் நோட்டுக்கட்டு சிறிய விவகாரமாக இருந்திருக்க முடியாது.

இருந்த வழிகள்

முதல் வழி, தங்க இறக்குமதியைத் திறந்துவிட்டு விலை இடைவெளியை அழிப்பது. அதற்கும் செலவாகப்போவது அதே அந்நியச் செலாவணி. 1957இன் கஜானாவை வைத்துக்கொண்டு எந்த நிதியமைச்சரும் இதைப் பேசியிருக்க முடியாது.

இரண்டாவது வழி, வளைகுடாவிலிருந்து வரும் நோட்டுக்கு ஸ்டெர்லிங் தர மறுப்பது. இது மலிவான வழி. ஆனால் நோட்டில் ‘தருவதாக உறுதியளிக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டவர் ஒரே இரவில் பின்வாங்குவது போலாகும். நேர்மையாக வணிகம் செய்தவரின் பெட்டியில் இருந்த பணமும் கடத்தல் பணத்தோடு சேர்ந்து செத்திருக்கும். அந்த நாடுகளின் வெளியுறவைக் கவனித்துவந்த பிரிட்டனோடும் மனக்கசப்பு வந்திருக்கும்.

எஞ்சிய வழி, நோட்டுகளையே பிரித்துவிடுவது. இது முற்றிலும் புதிய யோசனையன்று. 1942இல் அமெரிக்கா, ஹவாய்த் தீவுகள் ஜப்பான் கைக்குப் போய்விட்டால் அங்குள்ள டாலரை மட்டும் செல்லாததாக்கும்படி, தீவின் பெயரைப் பொறித்துப் பழுப்பு முத்திரையிட்ட தனி நோட்டுகளை வெளியிட்டிருந்தது. பிரிவினைக்குப் பின் 1948இல் இந்திய நோட்டுகள் மீதே ‘பாகிஸ்தான் அரசு’ என்று அச்சிட்டுப் பாகிஸ்தானில் புழங்கவிட்ட அனுபவம் ரிசர்வ் வங்கிக்கே இருந்தது. 1948 ஜூன் இறுதிவரை பாகிஸ்தானுக்கும் அதுதான் மத்திய வங்கி. வெளியே உள்ள நோட்டை அடையாளம் காண முடியாததே நோயின் மூலம் என்பதால், அடையாளத்தைக் கொடுத்துவிடுவதே மருந்து. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த அரசு இந்த மூன்றாவது வழியைத் தேர்ந்தது.

பிரிவு 28ஏ

1959இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 28ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவுக்கு வெளியே நோட்டுப் புழக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 5, 10, 100 ரூபாய் மதிப்பில் சிறப்பு நோட்டுகளை வங்கி வெளியிடலாம். அவை இந்தியாவுக்குள் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் ஆகா. ஒரு ரூபாய்க்குத் தனி உட்பிரிவு தேவைப்பட்டது. ஒரு ரூபாய் நோட்டு ரிசர்வ் வங்கியின் நோட்டன்று; அது இந்திய அரசின் நோட்டு, சட்டத்தின் கண்ணில் அது ஒரு நாணயம். ஆகவே அதன் வளைகுடா வடிவத்தையும் மத்திய அரசே வெளியிட்டது.

இந்தப் பிரிவின் உயிர்நாடி எனக்குப் படுவது வேறோர் உட்பிரிவு. குறிப்பிட்ட ஓர் அலுவலகத்தில் மட்டுமே பணம் தரப்படும் என்று நோட்டின் முகப்பில் எழுதியிருந்தால், அதை மாற்றித்தரும் கடமை அந்த அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு என்று அது சொல்கிறது. இதன்படி சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ ஒரு வளைகுடா நோட்டு வழிதவறி வந்தாலும் அங்கு அது வெறும் காகிதம். எல்லா நோட்டுகளும் பம்பாய் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் திரும்பி வர முடியும்; வாசலில் நின்று எண்ணிவிடலாம்.

வடிவமைப்பில் யாரும் புதுமை காட்ட முயலவில்லை. இருந்த வடிவத்தையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினார்கள்: ஒரு ரூபாயும் பத்து ரூபாயும் சிவப்பு, ஐந்து ரூபாய் ஆரஞ்சு, நூறு ரூபாய் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத முத்துக்குளிப்பவரும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார். மனம் பழகிய படங்களும் அப்படியே இருக்கும். பழைய நோட்டுகளை மாற்றிக்கொள்ளக் குறுகிய கெடு விதிக்கப்பட்டது. அதற்குப் பின் வளைகுடாவில் சாதாரண இந்திய நோட்டுக்கு மதிப்பில்லை. படகில் ஏற்றி அனுப்பியும் பயனில்லை.

இதே காலத்தில் ஹஜ் யாத்திரிகர்களுக்கென்றும் தனி நோட்டுகள் வந்தன. சவூதி அரேபியாவில் மாற்றிக்கொள்வதற்காக 10, 100 ரூபாய் மதிப்பில் அச்சிடப்பட்ட அவற்றில் ‘ஹஜ்’ என்ற சொல் பொறிக்கப்பட்டு, வரிசை எண்ணுக்கு முன் ‘எச்ஏ’ என்ற எழுத்துகள் இருந்தன. பத்து ரூபாய் நீலம், நூறு ரூபாய் சிவப்பு. யாத்திரிகர் கையில் போகும் பணத்துக்கும் வணிகர் கையில் போகும் பணத்துக்கும்கூட வேறுவேறு நிறம் கொடுத்த இந்த நுணுக்கத்தைப் பார்க்கும்போது, அன்றைய அதிகாரிகள் நிறத்தை ஒரு கணக்குப் புத்தகத்தின் பத்தியைப் போலவே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அடைபட்டதும் அடைபடாததும்

எடுத்துக்கொண்ட அளவில் திட்டம் வென்றது. கடத்தல் தங்கத்தை விற்றுக் கிடைத்த சாதாரண ரூபாய், படகேறி ஸ்டெர்லிங்காக மாறும் நேர்வழி மூடப்பட்டது. ரிசர்வ் வங்கி எந்த நோட்டுக்கு அந்நியச் செலாவணி தர வேண்டும், எதற்குத் தர வேண்டாம் என்பது முதல் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் தங்கத்தின் விலை இடைவெளி அப்படியே இருந்தது. எனவே தங்கம் வந்துகொண்டுதான் இருந்தது. நோட்டாகப் போன விலை வேறு உருவம் எடுத்தது. வெள்ளி கடத்தப்பட்டு வெளியே போனது. வெளிநாட்டில் இருந்தவர் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு, இங்கே வீட்டாருக்கு ரூபாயாகப் பட்டுவாடா செய்யும் உண்டியல் முறையும் இதற்குக் கைகொடுத்தது. அந்த முறையில் எல்லையைத் தாண்டி ஒரு நோட்டுகூடப் போக வேண்டியதில்லை. 1963 ஜனவரியில் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அதே மொரார்ஜி கொண்டுவந்ததும், அது கடத்தலைத் தடுக்காமல் பொற்கொல்லர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டதும் தனிக் கதை. நோட்டைப் பிரித்தவர்களை இதற்காகக் குறைசொல்வது முறையாகாது. அவர்கள் அடைக்க முயன்றது மத்திய வங்கியின் கதவை மட்டுமே.

விலகல்

1959க்கு முன் வளைகுடாவில் எத்தனை ரூபாய் புழங்குகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை இருந்தது. இந்தியாவுக்குள் உள்ள நோட்டும் அங்குள்ள நோட்டும் ஒன்றே என்பதால் எண்ணுவதற்கு வழியில்லை. தனி நோட்டு வந்ததும் அது எண்ணக்கூடியதாகிவிட்டது. ஒரு நாடு தனக்கென்று நாணயம் தொடங்க நினைத்தால் முதலில் தெரிய வேண்டியது இந்தத் தொகைதான். மக்களும் ஒருமுறை நோட்டு மாற்றிப் பழகிவிட்டார்கள். நோட்டைப் பிரித்ததன் மூலம், அடுத்தவர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை இந்தியாவே செய்து கொடுத்துவிட்டது என்பதே என் வாதம். மீதி, ஒரு நாணய வாரியத்தை அமைத்து, ரூபாயைக் கொடுத்து ஸ்டெர்லிங்கை வாங்கி, அதை ஈடாக வைத்துப் புது நோட்டு அச்சிடுவதுதான். ஈட்டின் மீது வரும் வட்டி இனி இந்தியாவுக்குப் போகாது.

குவைத் முதலில் நகர்ந்தது. 1960ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டத்தால் நாணய வாரியம் அமைத்து, 1961 ஏப்ரல் 1 அன்று தினாரை வெளியிட்டது. முழு விடுதலை வந்தது அதற்குப் பிறகு, ஜூன் 19இல்தான். ஒரு தினாருக்கு 13⅓ ரூபாய் என்ற விகிதம் பார்ப்பதற்குக் கோணலாக இருக்கும். ஆனால் அதுதான் ஒரு பவுண்டுக்கான ரூபாய் விலை. ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார் என்பதால் கடைக்காரருக்கு ஒரு ரூபாய் என்பது சரியாக 75 ஃபில்ஸ். பஹ்ரைன் 1965 அக்டோபரில் தன் தினாருக்குப் பத்து ரூபாய் என்று வைத்து இன்னும் எளிதாக்கியது: ஒரு ரூபாய்க்கு 100 ஃபில்ஸ். இரண்டுமே பழைய கணக்குகளைக் கலைக்காமல் பெயரை மட்டும் மாற்றிய ஏற்பாடுகள்.

கத்தாரும் துபாயும் சேர்ந்து பொது நாணயம் வெளியிடுவதென்று 1966 மார்ச்சில் ஒப்பந்தம் செய்துகொண்டன. நோட்டு அச்சாகி வருவதற்குள் இடி விழுந்தது. ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை 7.50 ஆக்கியது. பவுண்டு 13⅓ ரூபாயிலிருந்து 21 ரூபாய்க்குத் தாவியது. வளைகுடா ரூபாய் தனி நோட்டு என்றாலும் தனி நாணயம் அன்று. இந்திய ரூபாயோடு சேர்ந்து அதுவும் இறங்கியது. முந்தைய நாள் ஏழரைப் பவுண்டு பெறுமானமுள்ள பச்சை நிற நூறு ரூபாய் நோட்டு மறுநாள் ஐந்து பவுண்டுக்கும் குறைவு. வறட்சியும் போரும் உதவி நிறுத்தமும் டில்லியை அந்த முடிவுக்குத் தள்ளின. துபாய் வணிகருக்கோ அவற்றில் எதனோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவருடைய சேமிப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது.

கத்தாரும் துபாயும் காத்திருக்கவில்லை. சவூதி ரியாலைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு, செப்டம்பரில் தங்கள் ரியாலை வெளியிட்டன. அந்த ரியாலின் மதிப்பு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஜூன் 6க்கு முந்தைய ரூபாயின் அதே மதிப்பு. இந்தியா கைவிட்ட ரூபாயை வேறு பெயரில் அவர்கள் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அபுதாபி பஹ்ரைன் தினாருக்கு மாறி, 1973 மேயில் அமீரகத்தின் திர்ஹம் வரும்வரை அதிலேயே இருந்தது.

ஓமன் மட்டும் கடைசிவரை நின்றது. 1970 மே மாதத்தில் அங்கு ரியால் சைதி வெளியானபோது, அதற்கு 21 ரூபாய் என்று விகிதம் வைக்கப்பட்டது. திரும்பி வந்த நோட்டுகள் பம்பாயில் ஒழிக்கப்பட்டன; தப்பியவை சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன, அவற்றுள் நூறு ரூபாய் கிடைப்பது அரிது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 28ஏ பிரிவு நீக்கப்படவில்லை. இந்தியாவுக்கு வெளியே புழங்குவதற்கென்று 5, 10, 100 ரூபாய்ச் சிறப்பு நோட்டுகளை வெளியிடும் அதிகாரம், வாங்க ஒரு நாடும் இல்லாத நிலையிலும், வங்கியிடம் இன்னும் இருக்கிறது.